ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை தேடுவது எப்படி?

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியராக விண்ணப்பிக்கும்போது இரண்டு தடைகளைச் சந்திக்கிறார். ஒன்று அந்நாட்டின் விசா விதி. மற்றொன்று வேலை கொடுப்பவரின் மனப்போக்கு. விசா விதியை விண்ணப்பதாரர் எவ்வளவு திறமையைக் காட்டினாலும் மாற்ற முடியாது, ஆனால் மனப்போக்கைப் பல நேரங்களில் ஒரு நல்ல மாதிரி வகுப்பே மாற்றிவிடும். ஆகவே விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன் எந்த நாட்டில் எந்தத் தடை இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

தென்கொரியாவின் தனியார் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பிக்கத் தேவைப்படும் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக வழங்கப்படுகிறது. சீனாவிலும் மொழி ஆசிரியர் பெரும்பாலும் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்ற அடிப்படையில்தான் பணி அனுமதி தரப்படுகிறது. இந்த இரண்டு நாடுகளுக்கும் குருட்டாம்போக்கில் விண்ணப்பங்களை அனுப்பிப் பல மாதங்களை வீணாக்கியவர்கள் ஏராளம். ஜப்பானில் நிலைமை சற்று வேறு. அங்கே பள்ளிகளில் பணியாற்றுவோருக்கான பயிற்றுநர் விசாவுக்கு விண்ணப்பதாரரின் பாஸ்போர்ட்டைவிட அவர் படித்த பயிற்று மொழியே முக்கியம். ஆங்கில வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் கல்வி பெற்றதைச் சான்றுகளோடு காட்ட வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர்கள் இந்த விதியைக் கவனிக்காமல் ஜப்பானை ஒதுக்கிவிடுவது வருந்தத்தக்கது. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா ஆகிய நாடுகளில் ஆங்கிலத் தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்கள் பெருமளவில் பணியாற்றுகிறார்கள், ஆனால் சம்பளத்தில் பாகுபாடு இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமை உள்ளவருக்கு மற்ற உறுப்பு நாடுகளில் பணி அனுமதியே தேவையில்லை. 2021 முதல் பிரிட்டன் குடிமக்களுக்கு அந்த வசதி இல்லாததால், ஸ்பெயினிலோ இத்தாலியிலோ உள்ள மொழிப் பள்ளிக்கு ஒரு போலந்து ஆசிரியரை அமர்த்துவது எளிதான காரியமாகிவிட்டது.

தகுதிகளில் இளநிலைப் பட்டம் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் கேட்கப்படுகிறது. அடுத்தது கற்பித்தல் சான்றிதழ். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 120 மணி நேரச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை விசாவுக்கு உதவலாமே தவிர, நேர்காணல் செய்பவரிடம் அவற்றுக்குப் பெரிய மதிப்பு இல்லை. கேம்பிரிட்ஜின் செல்டா, டிரினிட்டியின் செர்ட்-டீசால் ஆகிய ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்களுக்கு உண்மையான மாணவர்கள் முன் குறைந்தது ஆறு மணி நேரம் பாடம் நடத்தி மதிப்பீடு பெற வேண்டியிருப்பதால், செலவு அதிகமென்றாலும் தாய்மொழியாளர் அல்லாதவர் அவற்றில் ஒன்றைப் பெறுவதே நல்லது என்பது என் கருத்து. மொழித்திறனைக் காட்ட ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுவோர் அதன் மதிப்பெண்ணை நிறுவனங்கள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கும் என்பதை நினைவில் வைத்து, விண்ணப்பிக்கும் காலத்தோடு பொருந்துமாறு தேர்வு எழுத வேண்டும். கேம்பிரிட்ஜின் உயர்நிலை ஆங்கிலத் தேர்வான சி2 ப்ரொஃபிஷியன்சியின் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

விளம்பரத்தில் ‘தாய்மொழியாளர் மட்டும்’ என்று இருந்தால், அது சட்டத்தின் கட்டாயமா, பள்ளியின் விருப்பமா என்று பாருங்கள். விருப்பம் மட்டுமே என்றால் விண்ணப்பிப்பதில் தவறில்லை. டீசால் இன்டர்நேஷனல் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் இத்தகைய பாகுபாட்டை எதிர்த்து 2006-இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டி வாதாடும் கடிதத்தைவிட, சான்றிதழையும் தேர்வு மதிப்பெண்ணையும் முதல் பத்தியிலேயே சொல்லி, பத்து நிமிட வகுப்புக் காணொளியை இணைத்து அனுப்பும் கடிதமே பலன் தரும். தாய்மொழி எது என்பதை மறைக்க வேண்டாம். அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம்.

மாதிரி வகுப்பில்தான் உங்கள் பலம் வெளிப்பட வேண்டும். நேர்காணலில் அடிக்கடி வரக்கூடிய வகைக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘ஐ லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’, ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்ற இரண்டு வாக்கியங்களின் வேறுபாட்டைத் தொடக்கநிலை மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள்? காலங்களின் இலக்கணப் பெயர்களை ஒப்பித்தால் மாணவருக்கு ஒன்றும் விளங்காது. இரண்டு வாக்கியங்களையும் பலகையில் எழுதி, “இவர் இப்போதும் இங்கேதான் வசிக்கிறாரா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பிறகு ஒரு கோடு போட்டு, அதன் நடுவே ‘இன்று’ என்று குறித்து, முதல் வாக்கியத்துக்குரிய ஐந்து ஆண்டுகளை அந்தக் குறிக்கு முன்பே முடித்துக் காட்டுங்கள். இரண்டாவதை அந்தக் குறிவரை இழுத்துக் காட்டுங்கள். மாணவர் தம்மைப் பற்றி இரண்டு வகையிலும் ஒவ்வொரு வாக்கியம் சொல்லட்டும். மொத்தமாக நான்கு நிமிடம்கூட ஆகாது. இந்த வேறுபாட்டை ஒரு காலத்தில் தாமே முட்டி மோதிக் கற்றவருக்கு, மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது முன்கூட்டியே தெரியும். தாய்மொழியாளர் பலருக்கு அது புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். உச்சரிப்பைப் பொறுத்தவரை அமெரிக்கப் பாணியைப் போலி செய்ய முயல வேண்டாம். உங்கள் குரலைப் பதிவுசெய்து கேட்டு, சொல்லழுத்தம் தவறும் இடங்களையும் விரைந்து பேசுவதால் விழுங்கப்படும் ஒலிகளையும் திருத்திக்கொண்டால் போதும்.

பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரையோ (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) தூதரக ஒப்பமோ பெற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் வேலை உறுதியாகும் முன்பே அதைத் தொடங்குங்கள், ஆனால் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் மிகவும் முன்னதாக வாங்கினால் அது காலாவதியாகிவிடக்கூடும். ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலிலும், தாய்லாந்தில் மே மாதத்திலும், ஐரோப்பாவில் பெரும்பாலும் செப்டம்பரிலும் தொடங்குகிறது. ஆட்களைத் தேடுவது அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நடக்கும்.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி உங்களிடமே கட்டணம் கேட்கும் முகவரையும், “முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் பள்ளியையும் தவிர்த்துவிடுங்கள். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் ஆசிரியர் தலையில்தான் விழும். பாஸ்போர்ட்டை நிர்வாகத்தின் பொறுப்பில் விடக்கூடாது. கையெழுத்திடும் முன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கற்பிக்க வேண்டும், விடுமுறை மாதங்களில் சம்பளம் உண்டா, பணி அனுமதிக் கட்டணத்தை யார் கட்டுவது, இடையில் விலகினால் விசா என்னவாகும் ஆகியவற்றுக்கான விடைகள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே பள்ளியில் தற்போது பணியாற்றும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு பேச அனுமதி கேளுங்கள்.