அவலாஞ்சி ஏரிக்குப் போறீங்களா? இ-பாஸ்ல யார் நம்பரைக் குடுக்கறீங்கன்னு பாத்துக்கங்க

ஊட்டியில இருந்து அவலாஞ்சி 28 கிலோமீட்டர்தான், ஆனா கோயம்புத்தூர்ல இருந்து அங்க போய்ச் சேர எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு இ-பாஸ் வேணும். பதியறப்ப உள்நாடா வெளிநாடான்னு கேப்பாங்க, உள்நாடுன்னா இந்திய மொபைல் நம்பருக்கு ஓடிபி வரும், வெளிநாட்டுக்காரங்களுக்கு ஈமெயில் ஐடியே போதும், டொரோண்டோவுல சோபாவுல உக்காந்தே முடிச்சிருக்கலாம். குன்னூர்ல பொறந்தவன் எதுக்கு வெளிநாடுன்னு அமுக்கணும்னு ஒரு வீம்பு, மாமா நம்பரைப் போட்டேன். மாமா கோயில்ல, போன் வீட்டுல சார்ஜ்ல, அத்தை கண்ணாடியத் தேடி எடுத்து ஓடிபிய வாசிக்கறதுக்குள்ள அது காலாவதி. இப்படி மூணு தடவை. கடைசியில பாஸ் வந்துச்சு, ஆனா காலையில டாக்ஸிக்காரர் வேற வண்டியோட வந்துட்டார், நானும் யோசிக்காம ஏறிட்டேன். அடிவாரச் செக்போஸ்ட்ல பாஸ்ல இருந்த வண்டி நம்பர் ஒத்துப்போகலை. "நான் இந்த ஊர்தாங்க"ன்னேன். "சரிங்க, ஆதார் காட்டுங்க." என் பையில இருந்தது கனடா பாஸ்போர்ட். பின்னாடி ஒரே ஹாரன் சத்தம். திரும்பி இறங்கி, பிரவுசிங் சென்டர் தேடி, மறுபடி அத்தையக் கூப்பிட்டு, இருட்டிருச்சு, ராத்திரி மேட்டுப்பாளையம் லாட்ஜ்ல. வீம்பு வேண்டாம், வெளிநாடுன்னே அமுக்கிடுங்க.

ஜூலை, ஆகஸ்ட்ல போகாதீங்க, 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டின இடம் அது.

ஏரின்னு சொல்றோமே தவிர அது குந்தா மின் திட்டத்துக்குக் கட்டின அணைத் தண்ணி. கொழும்புத் திட்டம்ங்கற பன்னாட்டு உதவித் திட்டத்துல கனடா உதவி பண்ணிச்சு. அப்பா ஈபியில இருந்தார், "கனடாக்காரன் மிஷின்டா, நிக்கவே நிக்காது"ம்பார். நான் அங்கயே போய் உக்காந்துக்குவேன்னு நினைச்சிருக்க மாட்டார்.

அங்க பாக்க வேண்டியது ரெயின்போ ட்ரவுட் மீன். வட அமெரிக்காவோட மேற்குக் கரைப் பக்கத்து மீன், பக்கவாட்டுல ரோஸ் பட்டை, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. 1860கள்ல பிரான்சிஸ் டேங்கற மீன் ஆராய்ச்சியாளர் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டு வரப் பாத்து தோத்துட்டார், அப்புறம் 1907ல அவலாஞ்சியில மீன் குஞ்சு பொரிப்பகம் வந்துச்சு. தண்ணி சில்லுன்னு இருக்கணும், முட்டை போட ஓடற தண்ணியும் கூழாங்கல்லும் வேணும், தேங்கின ஏரியில முட்டை பொழைக்காது. அதனாலதான் ஆள் கை வெக்கணும். சின்ன வயசுல அப்பா கூட்டிட்டுப் போய்க் காட்டினார்: ஒருத்தர் பெண் மீனை ஈரத்துணியில பிடிச்சு வயித்தை மெல்ல நீவ, ஆரஞ்சு ஜவ்வரிசி மாதிரி பேசின்ல கொட்டுது, அது மேல ஆண் மீனோட விந்தைப் பீச்சி, கோழி இறகால கலக்கினார். எங்க அப்பா மூச்சு கூட விடலை.

மாமா ட்ரவுட் கொண்டு வரச் சொல்லியிருந்தார், ஓடிபிக்குக் கூலியாம். அனுமதி இல்லாம தூண்டில் போட்டு மாட்டிக்காதீங்க. நான் கோயம்புத்தூர் உக்கடத்துல ஜிலேபிக் கெண்டை வாங்கிட்டுப் போனேன். "பரவால்லடா, உங்க கனடா மீன் நல்லாத்தான் இருக்கு"ன்னு ரெண்டாவது துண்டை எடுத்துக்கிட்டார். நானும் ஒண்ணும் சொல்லலை.