சேஃப் கேண்டிடேட்டா, ரிஸ்க் கேண்டிடேட்டா? அமெரிக்க பிரைமரியில எப்படி எடை போடுறது

அமெரிக்காவுல நாலு வருஷத்துக்கு ஒருதடவ பிரைமரி சீசன் (அதிபர் தேர்தலுக்கு முன்னாடி கட்சிகள் தங்க வேட்பாளர ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கற நேரம்) வந்தாலே இதே பஞ்சாயத்துதான், மனசுக்குப் புடிச்சவர நிறுத்தலாமா இல்ல யாரையும் பயமுறுத்தாத ஒரு சேஃப் ஆள நிறுத்தலாமான்னு. என்னக் கேட்டா சேஃப்ங்கறது ஆளப் பொறுத்த விஷயமே இல்ல, வருஷத்தப் பொறுத்தது.

அதனால மொதல்ல கேண்டிடேட்டப் பாக்காதீங்க, வெள்ளை மாளிகைல இப்ப யாரு இருக்காங்க, மக்கள் அவர் மேல கடுப்புல இருக்காங்களான்னு பாருங்க. கடுப்புன்னா எலக்‌ஷனே அவரப் பத்தினதா ஆயிடும், எதிர்ல நிக்கிறவர் வம்பு இல்லாத ஆளா இருந்தா போதும், 2020ல பைடன் ஜெயிச்சதுல பெரும்பங்கு இதுதான், டிரம்ப் வேணாம்னு நினைச்சவங்களுக்கு தயங்காம ஓட்டு போட ஒரு ஆள் கிடைச்சார், 306 எலக்டோரல் ஓட்டு (மாநில வாரியா கிடைக்கிற, அதிபர முடிவு பண்ற ஓட்டு) வந்துச்சு. ஆனா ஆட்சில இருக்கறவர் செல்வாக்கோட இருந்தா சேஃப் ஆளாலயும் ஒண்ணும் கிழிக்க முடியாது. 1984ல மான்டேல் முன்னாள் துணை அதிபர், கட்சிப் பெரியவங்க எல்லாம் அவர் பக்கம், ஆனாலும் ரீகன்கிட்ட 525க்கு 13னு தோத்தார், கிடைச்சது சொந்த மாநிலம் மினசோட்டாவும் தலைநகரமும் மட்டும். 1972ல நிக்சன்கிட்ட படுதோல்வி அடைஞ்ச மெக்கவர்ன் கதையச் சொல்லி இன்னிக்கும் பயமுறுத்துறாங்களே, அந்த 'ரொம்ப இடதுசாரி' ஆளுக்கே 17 வந்துச்சு (மொத்த ஓட்டு சதவீதத்துல மான்டேல் கொஞ்சம் மேல, அதையும் சொல்லிடணும்).

அடுத்து, சேஃப்னு சொல்றது யாருன்னு கவனிங்க. கட்சி ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குப் பழக்கமான ஆள்னா அவங்களுக்கு சேஃப், ஓட்டருக்கு அப்படி இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. 1980ல ரீகன ரொம்ப வலதுசாரி, வயசும் 69 ஆச்சுன்னு சொன்னாங்க, 44 மாநிலத்த அள்ளிட்டுப் போனார். அதே மாதிரி சேஃப்னு நினைக்கிற தகுதிமேலயே எதிரி கை வைப்பான், 2004ல கெர்ரி வியட்நாம் போர்ல மெடல் வாங்கினவர், பாதுகாப்பு விஷயத்துல யாரும் குறை சொல்ல முடியாதுன்னு நிறுத்தினாங்க, கடைசில அந்தப் போர் சர்வீஸையே கேள்வி கேட்டு டிவி விளம்பரம் ஓட்டினாங்க.

நேஷனல் கருத்துக்கணிப்ப வச்சு முடிவு பண்ணவே பண்ணாதீங்க. 2007 கடைசில ஹிலாரி தேசிய அளவுல ஒபாமாவ விட ரொம்ப முன்னாடி இருந்தாங்க, ஆனா கட்சி வேட்பாளரானது ஒபாமாதான், அந்த நேரத்துக் கணிப்புல பாதி யார் பேரு தெரிஞ்ச பேருங்கறதுதான். ஜெயிக்க வேண்டியது 538ல 270, அதனால ஊசலாடுற மாநிலங்கள்ல ஆள் எடுபடுவாரான்னு பாருங்க. 2016ல ஹிலாரிக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல அதிக ஓட்டு, ஆனா மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூணுலயும் சேத்து 80 ஆயிரத்துக்கும் கம்மியான வித்தியாசத்துல எல்லாம் போச்சு.

இன்னொரு வழி இருக்கு, நிறைய பேர் கண்டுக்கறதில்ல. ரிஸ்க்க மேல வச்சு சேஃப்ப ரெண்டாவது இடத்துல வைக்கறது. ரீகனுக்கு புஷ், ஒபாமாவுக்கு பைடன், டிரம்புக்கு பென்ஸ், எல்லாம் இந்தக் கணக்குதான். ஆனா பிரைமரில ஓட்டு போடும்போது துணை அதிபர் யாருன்னு பொதுவா தெரியாது, வேட்பாளர முறைப்படி அறிவிக்கற கட்சி மாநாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சொல்வாங்க, அதனால உங்க ஆள் சமரசத்துக்கு ஒத்துக்கற டைப்பான்னு முன்கூட்டியே பாத்து வைங்க. அதுக்காக ரொம்ப அவசரப்பட்டாலும் ஆபத்துதான், 1976ல ரீகன் மாநாட்டுக்கு முன்னாடியே மிதவாதி ஷ்வைக்கர துணை அதிபர் வேட்பாளரா அறிவிச்சார், சொந்த ஆளுங்களே கோவிச்சுக்கிட்டாங்க, கடைசில கட்சி நாமினேஷன் அப்ப அதிபரா இருந்த ஃபோர்டுக்குத்தான் போச்சு.