இந்தப் பூவுக்கு இரண்டு இலக்கு போதும்

அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் பத்து வயலுக்கும் ஒரே நேரத்தில் வாமடையை (வயலுக்குத் தண்ணீர் பாயும் வாயை) திறந்துவிட்டால் ஒரு வயலும் உருப்படியாக நனையாது. முறை வைத்து, மற்றதை அடைத்து, ஒன்று நிறைந்த பிறகு அடுத்ததற்கு விடுவதுதான் தாமிரபரணிக் கரை வழக்கம். ஒரு பூவுக்கு, அதாவது ஒரு சாகுபடிப் பருவத்துக்கு, என்று வைத்துக்கொண்டு இலக்குகளைக் குறைப்பதும் இதே வேலைதான். ஆனால் பலரும் ‘எதை விடலாம்’ என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அப்படி யோசித்தால் எல்லாமே வேண்டும்போலத்தான் இருக்கும். முதலில் தண்ணீர், அதாவது நம் நேரம், எவ்வளவு கிடக்கிறது என்று அளக்க வேண்டும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அம்பாசமுத்திரத்தில் வீடு, பாளையங்கோட்டையில் வேலை, வாரம் 6 நாள் என்று வைத்துக்கொள்வோம். தூக்கம் நாளுக்கு 7 மணி வீதம் 49. வேலை, சாப்பாட்டு நேரத்தோடு 9 மணி வீதம் 54. பஸ்ஸுக்குக் காத்து நிற்பதையும் சேர்த்துப் போக வர இரண்டரை மணி வீதம் 15. குளியல், சமையல், பிள்ளைகள், கடைகண்ணி என நாளுக்கு 3 வீதம் 21. ஆக 139. மீதி 29. இதில் கல்யாணம், சடங்கு, துஷ்டி (சாவு வீடு), ஆஸ்பத்திரி, ரேஷன் கடை ஆகியவற்றுக்குச் சராசரியாக 10 போகும். போன் 12 மணியைத் தின்னும். இதை மனக்கணக்காகப் போடாதீர்கள், நிச்சயம் குறைத்துத்தான் சொல்வீர்கள். செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியைத் திறந்தால் உண்மை தெரியும். கடைசியில் கையில் நிற்பது 7 மணி.

இந்த 7 மணியில் பெரிய இலக்கு ஒன்றுக்கு 5, சின்னது ஒன்றுக்கு 2. மூன்றாவதற்கு இடமில்லை. இலக்குக்கு ஒரு மணி என்று ஏழாகப் பங்கு போட்டால் என்ன ஆகும் என்றால், வாரத்துக்கு ஒரு தடவை உட்காரும்போது விட்ட இடத்தைப் பிடிக்கவே பாதி நேரம் போய்விடும்.

கணக்கு முடிந்த பிறகு ஒரு முழுத்தாளை எடுத்து, ஆசைப்பட்டதையெல்லாம் எழுதுங்கள். 20 நிமிடம் போதும். மனதில் இருப்பது மட்டுமல்ல. சேர்ந்து கிடக்கும் டெலிகிராம் குரூப்புகள், பாதியில் நிற்கும் ஆன்லைன் வகுப்பு, உறை போட்டு மூடிய தையல் மெஷின், நகைச்சீட்டு அட்டை, எல்லாமே ஒவ்வொரு இலக்குதான். அம்மாவின் சுகர் மாத்திரையும் பிள்ளையின் ஃபீஸும் இதில் வராது. அவை கடமை, அவற்றுக்கான நேரத்தை ஏற்கெனவே கழித்தாயிற்று.

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல்தான் செய்ய வேண்டும் என்றால் செய்வீர்களா? கிடைத்த பிறகு அதோடு வரும் சோலி பிடிக்குமா? இரண்டாவது வீடு கட்ட ஆசைப்படுகிறவர் வாடகை வசூலிக்க அலைவதையும், தீர்வை கட்டுவதையும், மழைக்கு ஒழுகும் தளத்தையும் சேர்த்தே ஆசைப்பட வேண்டும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்த ஆசையை அடித்துவிடுங்கள், இந்த இடத்திலேயே பட்டியலில் பாதி போய்விடும்.

மிச்சம் நிற்பதில் நம் பக்கம் அதிகம் குழப்புவது அரசுத் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, வங்கி, போலீஸ் எஸ்.ஐ. என்று மூன்றுக்கும் சேர்த்துப் படிப்பவர்கள் ஏராளம். வங்கித் தேர்வுக்கு ஆங்கிலமும் வேகக் கணக்கும் வேண்டும். எஸ்.ஐ.க்கு ஓட்டமும், ஆண்களுக்குக் கயிறு ஏறுதலும் உண்டு. குரூப் 4 வேறு தினுசு: 3 மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ஒரு தேர்வு, அதிலும் முதலில் தமிழ்.

எத்தனை நாளுக்கு? அம்பை 16 நெல் 110 முதல் 115 நாளில் அறுப்புக்கு வரும். 16 வாரம் என்றால் 112 நாள், இலக்குக்கும் அதே அளவு வைத்துக்கொள்ளலாம். இதில் 3 வாரம் கோயில் கொடை, கல்யாணம், காய்ச்சல் என்று போகும், முதலிலேயே கழித்துவிடுங்கள். மீதி 13 வாரம், வாரம் 5 மணி, மொத்தம் 65 மணி. 6 முதல் 10 வரை ஐந்து வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களுக்கு வகுப்புக்கு 13 மணி வீதம் சரியாகப் பொருந்தும். பொது அறிவு இதில் அடங்காது, அது அடுத்த பூ. இப்படிக் கணக்குப் பார்க்காமல் ‘இந்த வருஷம் எப்படியும் பாஸ்’ என்று எழுதி வைப்பது இலக்கே அல்ல.

பண விஷயமும் இப்படித்தான். நகைச்சீட்டு, ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு), ஏலச்சீட்டு என்று மூன்றிலும் ஆயிரம் ஆயிரமாகப் போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் நகையை அடகில் வைத்திருப்பார்கள். ஒரு லட்சம் கடனுக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால் மாதம் 750 ரூபாய் போகிறது. ஆர்.டி.யில் அவ்வளவு வட்டி வராது. ஆகையால் அடகை மீட்பதுதான் முதல் இலக்கு. ஏலச்சீட்டை மட்டும் நடுவில் விடாதீர்கள், பிடித்தம் போகும். முடிகிறவரை கட்டிவிட்டு அடுத்ததில் சேராமல் இருந்தால் போதும்.

விட்டதை நிஜமாகவே அடைக்க வேண்டும். வாமடையில் ஒரு மண்வெட்டி மண்ணை மட்டும் போட்டால் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். வைக்கோலைத் திரித்து வைத்து, அதன்மேல் களிமண் அப்பி, காலால் மிதிப்பார்கள். அதற்கும் தப்பி வரப்பில் நண்டு வளை இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து வயல் நிறைந்திருக்கும். போனில் வரும் நோட்டிபிகேஷன்தான் நமக்கு நண்டு வளை. விட்ட தேர்வின் குரூப்பிலிருந்து வெளியேறுங்கள். கைடுகளைப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். மற்ற ஆசைகளைத் தனித்தாளில் ‘தரிசு’ என்று தலைப்பிட்டு எழுதி, 16ஆம் வாரத்தின் தேதியைப் போட்டுப் பீரோவில் வையுங்கள்.

பெரும்பாலும் கெடுவது நாலாவது வாரத்தில். முதல் மூன்று வாரம் நன்றாகப் போனதும் ‘யோகாவையும் சேர்த்துக்கலாமே’ என்று தோன்றும். சேர்த்தால் தூக்கத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் தூங்கி விழுந்து, மாலைப் படிப்பும் போகும். இன்னொன்று வீட்டு வாசலில் காத்திருக்கும்: “என்னடே, பேங்க் பரிட்சைக்குப் படிச்சியே, விட்டுட்டியா?” விளக்கம் சொல்லத் தொடங்கினால் தீராது. “இந்தப் பூவுக்கு இது போதும் சித்தப்பா” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கலாம்.

ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் 10 மணி போட்டு ஈடுகட்ட வேண்டாம். அந்த 3 வாரக் கழிவு அதற்குத்தான். மூன்று வாரம் தவறி, நாலாவதாக ஒரு வாரமும் தவறினால் பெரிய இலக்கின் அளவைக் குறையுங்கள்: ஐந்து வகுப்புப் புத்தகத்துக்குப் பதில் நான்கு.

16 வாரம் முடிந்த அன்றுதான் தரிசுத் தாளை எடுக்க வேண்டும். இடையில் ஒரு தடவைகூட நினைவுக்கு வராத வரியை அடித்துவிடலாம். அடிக்கடி வந்து உறுத்திய வரியை எடுத்து, அதற்கு வாரம் எத்தனை மணி வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள்.