கடற்கரை மணலில் காய்கறித் தோட்டம்: விதைக்கு முன்னே வேலி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உச்சிப்புளி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் மணல் இருந்தாலும் வெண்டை, கத்தரி, கீரை என்று வீட்டுக்கு ஆகிற அளவு எடுத்துவிடலாம். உப்புத் தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கென்னவோ ஆடும் மயிலும் அழித்த தோட்டங்களைத்தான் அதிகம் பார்த்த ஞாபகம். அதனால் விதை வாங்கும் முன்பே வேலியை முடித்துவிடுங்கள்.

முதல் வேலை: வேலி

முதல் தடவைக்கு 20க்கு 10 அடி இடம் போதும். ஆறடிக்கு ஒரு சீமைக்கருவேலங்கம்பு ஊன்றுங்கள். கீழே ஒன்றரை அடி உயரத்துக்குப் பனைமட்டையை நெருக்கமாக நட்டு, அதற்கு மேல் ஐந்தடி வரை பழைய மீன்வலையைக் கட்டுங்கள். வலை சீர்பார்க்கும் இடத்தில் கேட்டால் கிழிந்ததைக் கொடுப்பார்கள். உப்புப் போக இரண்டு முறை அலசிவிடுங்கள்.

தடித்த நூல் வலையாகக் கேளுங்கள். நரம்பு என்று சொல்லும் மெல்லிய நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். முதல் வருஷம் நாங்கள் அதைத்தான் தரையோடு தரையாகக் கட்டியிருந்தோம். ஒரு காலையில் ஆள் நீளச் சாரை ஒன்று அதில் மாட்டிக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே நாலைந்து வலைக்கண்கள் இறுகி, நரம்பு செதிலுக்குள் இறங்கியிருந்தது. தலையில் ஈரச்சாக்கைப் போட்டு அக்கா பிடித்துக்கொள்ள, நான் நகவெட்டியால் ஒவ்வொரு நரம்பாக நறுக்கினேன். முக்கால் மணி நேரம் ஆனது. நம் தோட்டத்து எலியைத் தின்ன வந்த உயிர், நாம் கட்டிய வலையில் வதைபடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதன் பிறகுதான் அடியில் பனைமட்டை. மட்டை இடுக்கில் பாம்பு போய்வரும். ஆடும் கோழியும் நுழையாது. எங்களைப் போல நீங்கள் கை வைக்காதீர்கள். பாம்பு மாட்டினால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஆடு முன்னங்காலை வேலியில் ஊன்றி எட்டி மேயும். அதனால் செடியை வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். சாணிக்கரைசலை வடிகட்டி ஓரத்துச் செடிகளின் இலைமேல் தெளித்தால் ஆடு வாய் வைக்கத் தயங்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். காய் பறித்ததும் நன்றாகக் கழுவ வேண்டும்.

மண்ணும் தண்ணீரும்

மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. ஒன்றரை அடி ஆழம் வெட்டி, அடியில் தேங்காய் மட்டையைப் பரப்புங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன்மேல் கண்மாய் வண்டலும் மக்கிய தொழுவுரமும் மணலும் சம அளவு கலந்து போடுங்கள். வண்டலை அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

மீன் கழிவை அப்படியே புதைக்காதீர்கள். அன்று ராத்திரியே நாயும் பெருச்சாளியும் பாத்தியைக் கிண்டிவிடும். சம எடை வெல்லம் சேர்த்து மூடி மூன்று வாரம் வைத்தால் மீன் அமிலம் ஆகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து செடிக்கு விடலாம்.

கிணற்றுத் தண்ணீர் நாக்கில் உப்புக் கரித்தால் வெங்காயமும் கேரட்டும் வேண்டாம். கொத்தவரை, பீட்ரூட் தாங்கும். எந்தச் செடியானாலும் இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி மழையில் செடி எழும்பிவிடும். வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி.

மயில்

ஐந்தடி வேலி மயிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெயில் ஏறும் முன்பும் பொழுது சாயும்போதும் வந்து இறங்கும். இரண்டிலை விட்ட நாற்றை வரிசையாகக் கொத்திக்கொண்டே போகும். முதல் மூன்று வாரமும் பனையோலையை மடக்கிக் கூரைபோல நாற்றின்மேல் கவிழ்த்து வையுங்கள். நடுப்பகலில் மட்டும் எடுத்துவிடுங்கள். அப்புறம் தடித்த வலைக்கயிற்றைத் தோட்டத்தின் மேலே அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுங்கள். அவ்வளவு பெரிய பறவைக்கு இறக்கையை விரித்து இறங்க இடம் வேண்டும்; இடம் இல்லையென்றால் வேறு பக்கம் போய்விடும். கயிறு தொய்யக்கூடாது, தொய்ந்தால் மாட்டிக்கொள்ளும்.

விஷம் வைக்கிற எண்ணமே வேண்டாம். மயில் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது சிறைக்குப் போகிற குற்றம்.

எலியும் அணிலும்

எலிப்பொறியில் தேங்காயைவிடச் சுட்ட கருவாட்டுத் துண்டுதான் எனக்கு நன்றாக எடுபட்டது. பொறியை வேலி ஓரமாக வையுங்கள். எலி ஓரம் பிடித்துத்தான் ஓடும். அணிலுக்குப் பழுத்த தக்காளி வேண்டும். லேசாக நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்துவிடுங்கள்.

சரி, வலை கேட்கச் சாயங்காலம் போங்கள். காலையில் மீன் ஏலத்துக்கு நடுவே மீனவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.