ஏப்ரல் வெயிலை நம்பிச் செடியை வெளியே வைக்காதீர்கள்

இங்கிலாந்தில் ஏப்ரலில் நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் போதும், கார்டன் சென்டர் வாசலில் டேலியா, ஃபியூஷியா, ஜெரேனியம், பெட்டூனியா எல்லாம் பூவும் மொட்டுமாக வந்து இறங்கிவிடும். கடைக்காரர்களே வெளியில் வைத்திருக்கிறார்கள், அப்படியென்றால் வெளியில் நடலாம்தானே என்று நினைத்து வாங்கி வந்து அன்றைக்கே நட்டுவிடுகிறோம். எனக்குத் தெரிந்து அதிகச் செடிகள் சாவது இந்த அவசரத்தால்தான். அவை கண்ணாடிக் கூடத்தின் கதகதப்பில் வளர்ந்தவை, இரவுக் குளிரைப் பார்த்ததே கிடையாது. தென் இங்கிலாந்திலேயே மே பாதி தாண்டியும் உறைபனி விழலாம், வடக்கே போகப் போக ஜூன் தொடக்கம் வரை பயம் இருக்கிறது. அதனால் வாங்கிய செடியை இரண்டு மூன்று வாரம் பழக்க வேண்டும். முதலில் பகலில் மட்டும், காற்று அடிக்காத நிழலில் வைத்துவிட்டுச் சாயங்காலம் உள்ளே எடுத்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டுங்கள். கடைசியாகத்தான் ராத்தங்கல். ஜன்னலோரம் வளர்ந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தாலும் இலை வெளுத்துக் காய்ந்துவிடும், குளிர் மட்டும்தான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள்.

போனில் இரவு 3 டிகிரி என்று காட்டுகிறதே, பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையே என்று நிம்மதியாகத் தூங்குவது அடுத்த தவறு. வானிலைக்காரர்கள் வெப்பத்தை அளப்பது தரைக்கு ஒன்றேகால் மீட்டர் உயரத்தில். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழந்துவிடும், புல் மட்டத்தில் அந்த 3 டிகிரி பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். உங்கள் நாற்று நிற்பது அங்கேதான். குளிர்ந்த காற்று தண்ணீர் போலப் பள்ளத்தைத் தேடி ஓடும். சரிவான தோட்டத்தின் அடியில் வேலி இருந்தால் அதன் மேல்பக்கம் தேங்கி நிற்கும், அந்த மூலையில் மென்மையான எதையும் நடாதீர்கள்.

பெயரில் ஏமாறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் ஆசையாக வாங்குவதே மல்லியும் செம்பருத்தியும்தான். செடியோடு வரும் பெயர்ச் சீட்டில் ஜாஸ்மின் என்று போட்டிருப்பதெல்லாம் நம் குண்டுமல்லி இல்லை. இங்கே வேலியில் படர்ந்து கோடையில் வெள்ளையாகப் பூக்கும் காமன் ஜாஸ்மின் நம் பிச்சிக்கு நெருங்கிய உறவு, குளிரை நன்றாகத் தாங்கும், அதைத் தாராளமாக மண்ணில் வைக்கலாம். வளையத்தில் சுற்றி, இளஞ்சிவப்பு மொட்டோடு குளிர்காலக் கடைசியில் விற்பது வேறு இனம், அது கடும் உறைபனி தாங்காது, சூடான அறையும் அதற்கு ஆகாது. ஸ்டார் ஜாஸ்மின் மல்லிக் குடும்பமே கிடையாது. குண்டுமல்லிக்கு இங்கே குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்தான் இடம். செம்பருத்தியும் அப்படியே. நம் ஊர் செம்பருத்தி தொட்டியில் உள்ளே இருக்க வேண்டியது. ரோஸ் ஆஃப் ஷாரன் என்று விற்கும் செம்பருத்தி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெளியிலேயே நிற்கும், வசந்தத்தில் மற்றச் செடிகளெல்லாம் துளிர்த்த பிறகும் வெகு நாள் மொட்டையாகவே இருக்கும். செத்துவிட்டது என்று அதைப் பிடுங்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் குளிர் தாங்கும் அளவுகோல் பல சீட்டுகளில் இருக்கும், அதைப் பாருங்கள். எச்1 என்றால் குளிர்காலத்தில் உள்ளேயே வைக்க வேண்டிய வகை. எச்2 ஒரு டிகிரி வரை தாங்கும், உறைபனி பட்டால் போச்சு. எச்3 மைனஸ் 5 வரை. ஆனால் தொட்டியில் இருக்கும் வேரை எல்லாப் பக்கமும் குளிர் தாக்கும், மண்ணில் பிழைக்கும் செடி தொட்டியில் உறைந்து போகலாம்.

உள்ளே கொண்டுவந்த செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். என் முதல் குளிர்காலத்தில் குண்டுமல்லியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்து, ஊரில் ஊற்றுவது போல் தினமும் ஊற்றினேன். இலை மஞ்சளாகி உதிர்ந்தது, தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஜனவரியில் தொட்டியைக் கவிழ்த்தால் வேர் முழுக்க அழுகல் வாடை. டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, அந்த வெளிச்சத்தில் செடி வளராது, வளராத செடி தண்ணீர் குடிக்காது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். உரம் வேண்டவே வேண்டாம். வெளிச்சமான ஜன்னல் கிடைத்தால் ரேடியேட்டரிலிருந்து தள்ளி அங்கே வையுங்கள், கொஞ்சம் இலை உதிர்ந்தாலும் பதறாதீர்கள்.

டேலியாக் கிழங்கையும் கல்வாழைக் கிழங்கையும் ஒரே பெட்டியில் போட்டு மறந்துவிடுவதும் வழக்கமாக நடப்பது. டேலியா இலைகள் முதல் உறைபனியில் கருத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, தண்டுக்குள் தேங்கிய ஈரம் வடியச் சில வாரம் தலைகீழாக வைத்து, அப்புறம் காய்ந்த மணலிலோ கம்போஸ்ட்டிலோ உறைபனி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கல்வாழைக் கிழங்கு அப்படி முழுக்கக் காய்ந்தால் சுருங்கிச் செத்துவிடும், அதற்கு லேசான ஈரம் வேண்டும். மாதம் ஒரு முறை இரண்டையும் தொட்டுப் பாருங்கள். அழுகிய துண்டை உடனே வெட்டி எறியாவிட்டால் பக்கத்துக் கிழங்குக்கும் பரவும்.

வெளியே விடும் செடியைப் பாலிதீனால் மூடாதீர்கள். இலையில் ஒட்டிக்கொண்டு உள்ளே ஈரத்தைச் சேர்க்கும், ஒட்டிய இடமெல்லாம் கருகும். செடியை மூடவென்றே தோட்டக்கடையில் கிடைக்கும் மெல்லிய ஃப்ளீஸ் துணியே நல்லது.

நாலைந்து வருடம் குளிர் மிதமாக இருந்துவிட்டால் நமக்குத் தைரியம் வந்துவிடுகிறது, எல்லாவற்றையும் வெளியிலேயே விட்டுவிடுகிறோம். 2022 டிசம்பரில் பத்து நாள் போல் நீடித்த கடும் குளிரில் சால்வியா, பென்ஸ்டெமன் என்ற பூச்செடிகள் எத்தனையோ தோட்டங்களில் போய்விட்டன. பிரிட்டனிலேயே குளிர் குறைவு என்று பெயர் வாங்கிய சில்லித் தீவுகளில், ட்ரெஸ்கோ அபே தோட்டம் 1987 ஜனவரிப் பனியில் தன் செடிகளில் பெரும்பகுதியை இழந்தது. அதனால் ஆகஸ்ட் கடைசியில் ஜெரேனியம், ஃபியூஷியா, சால்வியா ஒவ்வொன்றிலும் பூக்காத நுனித்தண்டு நாலைந்து வெட்டி, சின்னத் தொட்டியில் நட்டு ஜன்னலில் வைத்துவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் பிள்ளை இருக்கும்.

பழுத்துக் காய்ந்த தண்டுகளை இலையுதிர்காலத்திலேயே ஒட்ட வெட்டிவிடாதீர்கள், அடியிலிருக்கும் மொட்டுக்கு அதுதான் போர்வை. வசந்தத்திலும் அவசரப்படாமல் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் ஃபியூஷியா வேரடியிலிருந்து முளைக்கலாம், ஜூன் வரைக்கும் அந்த இடத்தில் வேறெதையும் நடாமல் விட்டுவையுங்கள்.