சம்மனை வாங்காமல் நழுவும் பிரதிவாதி: வாதி தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிராளி சம்மனை வாங்காமல் நழுவுகிறார் என்று தெரிந்ததும் வாதி கேட்கும் முதல் கேள்வி, "பேப்பரில் போட்டு முடித்துவிடலாமா?" என்பதுதான். இந்த அவசரம்தான் பெரிய தவறு. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5, விதி 20 நாளிதழ் விளம்பரத்துக்கு இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார், அல்லது வழக்கமான முறையில் சம்மனைச் சேர்க்கவே முடியவில்லை என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். எந்தெந்த முகவரியில், எந்தெந்தத் தேதியில் முயன்றோம் என்று பிரமாணப் பத்திரத்தில் வாதிதான் சொல்ல வேண்டும். "தேடியும் கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரி போதாது.

பேப்பர் விளம்பரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலருக்கும் அது தெரிவதில்லை. பிரதிவாதி ஆஜராகாத நிலையில் வரும் தீர்ப்புதான் ஒருதலைபட்சத் தீர்ப்பாணை. அதை ரத்து செய்யக் கோர பிரதிவாதிக்கு 30 நாள் அவகாசம். சம்மன் முறையாகச் சார்வாகியிருந்தால், அதாவது அவரிடம் சேர்க்கப்பட்டிருந்தால், அந்த அவகாசம் தீர்ப்பாணை தேதியிலிருந்து ஓடும். இல்லையென்றால், தீர்ப்பாணை பற்றி அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 123ஆம் இனத்தின் (Article 123) விளக்கத்தில், விதி 20படி பேப்பர் விளம்பரம் போன்ற வழியில் செய்த மாற்று வழிச் சார்வை இந்தக் கணக்குக்கு முறையான சார்வாகக் கொள்ளக் கூடாது என்கிறது. தீர்ப்பு வாங்கி, அதை அமல்படுத்த நிறைவேற்று மனு போட்டு, ஜப்தி வரை போன பிறகும் "இப்போதுதான் எனக்கே தெரியும்" என்று அவர் வந்து நிற்க வழி இருக்கிறது. அதனால் கையில் கொடுக்க ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தாலும் அதை விடாதீர்கள்.

அடுத்தது முகவரி. கடன் பத்திரத்தில் எப்போதோ எழுதிய முகவரிக்கே மூன்று முறை சம்மன் அனுப்பி, மூன்றும் திரும்பிய பிறகு "ஒளிகிறார்" என்று மனு போடுவார்கள். அவர் வீடு மாற்றியிருந்தால் அது ஒளிவது ஆகாது. குடியிருக்கும் இடம், கடை, வேலை பார்க்கும் இடம் என்று தெரிந்த எல்லாவற்றையும் விசாரித்து நீதிமன்றத்தில் கொடுங்கள். கதவு எண்ணோடு தகப்பனார் பெயர், மாடியா கீழ்வீடா, பக்கத்தில் என்ன அடையாளம் என்பதும் இருக்கட்டும்.

கதவில் ஒட்டும் சார்வில்தான் அதிகமான வழக்குகள் சறுக்குகின்றன. பிரதிவாதி கையெழுத்துப் போட மறுத்தாலோ, தக்க முயற்சி எடுத்தும் ஆள் கிடைக்காவிட்டாலோ வெளிக்கதவில் ஒட்டலாம் என்கிறது கட்டளை 5, விதி 17. சம்மனைக் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனா ஒரு வேலைநாளில் பதினோரு மணிக்குப் போகிறார், பூட்டு தொங்குகிறது, ஒட்டிவிட்டு வருகிறார். அறிக்கையில் "வீடு பூட்டியிருந்தது, ஒட்டினேன்" என்று மட்டும் எழுதினால், அதைக் கலைக்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஐந்து நிமிடம் போதும். எப்படிப்பட்ட சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியது யார், யார் முன்னிலையில் ஒட்டினார், அவர்களின் பெயர், முகவரி என்ன என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பேட்டா (சம்மன் செலவுப் பணம்) கட்டியதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடாமல், வீட்டைக் காட்ட நீங்களோ உங்கள் ஆளோ கூடப் போங்கள். ஒட்டியதைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்தால் பிற்பாடு கைகொடுக்கும்.

தபாலில் அனுப்பியது திரும்பி வந்தால் உறையைக் கிழிக்காதீர்கள். அதன்மேல் தபால்காரர் எழுதியிருப்பதுதான் சாட்சி. "வாங்க மறுத்தார்" என்று இருந்தால் சார்வாகிவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று கட்டளை 5, விதி 9 சொல்கிறது. "கதவு பூட்டி", "தகவல் கொடுத்தும் வந்து வாங்கவில்லை" என்றெல்லாம் இருந்தால், முகவரி சரிதான் என்று காட்டி, சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய பதிவுத் தபால் சேர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று பொதுப் பிரிவுகள் சட்டம் பிரிவு 27 தரும் அனுமானத்தை வைத்து வாதாட இடமுண்டு. "இடம் மாறிப் போய்விட்டார்" என்று வந்தால் நிலைமை நேர்மாறு. அந்த முகவரியைப் பிடித்துத் தொங்குவதில் பயன் இல்லை. அப்புறம், யாரையாவது பிடித்து "மறுத்தார்" என்று எழுத வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது அம்பலமானால் உங்கள் மொத்த வழக்கின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

ஆள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவார் என்ற நிலையும் இல்லை, அவர் சார்பில் வாங்கிக்கொள்ள முகவரும் இல்லை என்றால், அவரோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம், ஆணோ பெண்ணோ, கொடுக்கலாம். வேலைக்காரர் இதில் சேரமாட்டார் என்று கட்டளை 5, விதி 15 வெளிப்படையாகவே சொல்கிறது. வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டு வந்தால் சார்வு ஆகாது.

வாட்ஸ்அப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றம் மின்னஞ்சலோடு வாட்ஸ்அப் போன்றவற்றிலும் அனுப்ப அனுமதித்தது. அதற்காக நீங்களே ஒரு படத்தைத் தட்டிவிட்டு நீல டிக்கைக் காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். நீதிமன்ற அனுமதி வாங்குங்கள். அந்த எண்ணை அவர்தான் பயன்படுத்துகிறார் என்பதற்கு ஆதாரம் வையுங்கள். மற்ற வழிகளோடு சேர்த்து அனுப்புங்கள். அவர் பதில் அனுப்பினால் அதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்தா தேதி அவருக்குத் தெரியும், வந்து ஆஜராகப் போதிய நேரமும் இருந்தது என்று காட்ட முடிந்தால், சார்வில் சின்னக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் தீர்ப்பாணையை ரத்து செய்ய முடியாது. கட்டளை 9, விதி 13 இதைச் சொல்கிறது.

சம்மன் சார்வாகாமல் திரும்பிய பிறகு அடுத்த வாய்தா வரட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. திரும்பிய அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்த 7 நாளுக்குள் புதிய சம்மனுக்கு மனு செய்யாவிட்டால், அந்தப் பிரதிவாதி மீதான வழக்கு தள்ளுபடியாகலாம் என்கிறது கட்டளை 9, விதி 5. அவர் சார்வைத் தவிர்க்கிறார் என்பதே கூடுதல் அவகாசம் கேட்க ஒரு காரணம்தான். ஆனால் அதையும் அந்த 7 நாளுக்குள்ளேயே நீதிமன்றத்தில் காட்டியாக வேண்டும். உங்கள் சம்மன் என்ன ஆனது என்று வக்கீலிடம் இன்றே கேளுங்கள்.