புல்ஸ்னிட்ஸ் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே இருக்கும் சிற்றூர் புல்ஸ்னிட்ஸ். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு 1682இல் பிறந்தது இங்கேதான். அந்தப் பெயருக்காகவே போகும் தமிழர்கள் முதலில் தேடுவது தமிழ் அச்சுக்கூடத்தையும் ஓலைச்சுவடிகளையும். அவை இங்கே இல்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய பிறகுதான் அவர் தமிழ் படித்தார். தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே நகரம். புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது 1715இல், தரங்கம்பாடியில். சுவடி பார்க்க வேண்டுமென்றால் ஹாலேயில் உள்ள ஃபிராங்கே அறநிலையத்துக்குப் போங்கள், அதுவும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு. புல்ஸ்னிட்ஸில் பார்க்க வேண்டியது அவர் வளர்ந்த ஊரின் அமைப்பையும் நிக்கோலாய் தேவாலயத்தையும்.

இன்னும் இரண்டு பிழைகள் அடிக்கடி காதில் விழுகின்றன. அவரை டென்மார்க்காரர் என்பார்கள். அனுப்பியவர்தான் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக், சீகன்பால்கு ஜெர்மானியர். தமிழின் முதல் அச்சு நூல் அவருடையது என்பார்கள். 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது.

சந்தைத் திடலில் நிற்கும் சிலையை சீகன்பால்கு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது 1804இல் இங்கே பிறந்த சிற்பி எர்ன்ஸ்ட் ரீட்ஷல். வைமார் நகரில் கவிஞர்கள் கோதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் சிலையைச் செய்தவர் அவர்தான்.

நீலத்துணிப் பட்டறையைத் தவறவிடாதீர்கள். துணியில் தெரியும் வெள்ளைப் பூக்களை வெள்ளைச் சாயத்தால் அச்சடித்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் மரக்கட்டை அச்சால் பதிப்பது பிசினும் களிமண்ணும் கலந்த பசையை. அது காய்ந்ததும் துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். எடுத்ததும் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும். பிறகு பசையைக் கழுவினால், அது இருந்த இடமெல்லாம் வெள்ளை. பசை நன்றாகக் காயாவிட்டால் பூவின் ஓரம் கலங்கிவிடும்.

ஊரின் பெருமை ஃபெஃபர்கூகன் என்ற மசாலாத் தேன் கேக். இதைச் சுடும் உரிமை இங்குள்ள ரொட்டிக்காரர்களுக்கு 1558இல் கிடைத்தது. நியூரம்பெர்க் கேக்கைப் போல இதில் கொட்டைப் பருப்பு நிறைந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாவு, தேன் அல்லது சர்க்கரைப் பாகு, மசாலா, இவ்வளவுதான் அடிப்படை மாவில். பால், முட்டை, கொழுப்பு சேர்ப்பதில்லை. அதனால்தான் பிசைந்ததை வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஊற வைக்க முடிகிறது. ஜாம் வைத்துச் சாக்லேட் பூசிய வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பால், முட்டை ஆகாதவர்கள் பொட்டலத்தில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வாங்கவும்.

ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கேக் சந்தை நடக்கும் நவம்பர் தொடக்க வார இறுதி மட்டும் விலக்கு, ஆனால் கூட்டம் நெரியும். டிரெஸ்டனிலிருந்து காமென்ஸ் செல்லும் ரயிலில் ஏறுங்கள். சாக்சனி ஒருநாள் டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது.

சாக்லேட் பூசியதை ஊருக்கு வாங்கி வந்தால் நம் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். பூச்சில்லாததை வாங்குங்கள். அது கெட்டியாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம்: தகர டப்பாவில் ஒரு துண்டு ஆப்பிளோடு மூடி வைத்தால் இளகிவிடும். ஆப்பிளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.